மூன்றாம் நம்பர் டின்

மரியதாஸ் மாஸ்டர் வீட்டில் மொத்தம் இரண்டு விளக்குகள். ஒன்று கூடத்தில் எரிந்தது. அதன் அடியில் மாஸ்டர் கட்டுரை நோட்டுத் திருத்துவார், மகள் நோரா பரீட்சைக்குப் படிப்பாள், மனைவி கிளாடிஸ் அரிசியில் கல் பொறுக்குவாள். இன்னொரு விளக்கு ஐஸ் பெட்டிக்குள் எரிந்தது. அதன் வெளிச்சம் யாருக்கும் உதவாது. பெட்டியின் வயிற்றுக்குக் கீழே, ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால், நீல நாக்கை நீட்டிக்கொண்டு அது பாட்டுக்கு எரியும். கீழே நெருப்பு எரிந்தால் மேலே தண்ணீர் கல்லாகும் என்பது அந்த யந்திரத்தின் தத்துவம். அது எப்படி என்று மாஸ்டருக்குத் தெரியாது. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறார்.

கூப்பனுக்குக் கிடைக்கிற மண்ணெண்ணெயில் முதல் பங்கு பெட்டிக்கு. மிச்சம்தான் மனிதருக்கு.

யுத்தம் முடிந்த சமயத்தில் மாஸ்டர் அடையாறில் ஒரு துரைக்கு முன்ஷியாகச் சாயங்காலங்களில் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருஷத்தில் துரைக்கு வசப்பட்டவை நான்கு வார்த்தைகள்: கொண்டா, போ, சீக்கிரம், நாளைக்கு. சம்பள நாளில் கடைசி வார்த்தையை மட்டும் பிழையில்லாமல் உச்சரிப்பார். நாற்பத்தேழில் நாட்டை விட்டுப் போனபோது துரை பியானோவை ஒரு சேட்டுக்கும், நாயை ஒரு மேஜருக்கும் கொடுத்தார். பெட்டியைக் கேட்பாரில்லை. அதை முன்ஷிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

அடையாறு பாலம் தாண்டி, சாந்தோம் தெருவழியாக மயிலாப்பூர்ச் சந்துக்குள் பெட்டி கட்டை வண்டியில் வந்த நாள் கிளாடிஸுக்கு நன்றாக நினைவிருந்தது. தூறல். மாஸ்டர் வண்டியோடு கூடவே நடந்து வந்தார். குடையைப் பெட்டிக்குப் பிடித்திருந்தார்.

சமையலறையில் புகை என்பதால் பெட்டி கூடத்துக்கு வந்தது. கூடத்தில் கிழக்குச் சுவர்தான் அகலம். அங்கே மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் படம் ஜன்னலோரமாக ஒதுங்கியது. ராத்திரி ஜெபமாலைக்குக் குடும்பம் பழைய பழக்கப்படியே கிழக்கே பார்த்து முழங்காலிட்டது. இப்போது அங்கே பெட்டி இருந்தது.

"எத்தினி நாளுக்கு இது?" என்று முதல் வாரமே கேட்டாள் கிளாடிஸ்.

"எது?"

"இந்தப் பொட்டிக்கு முட்டி போடறது."

மாஸ்டர் ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். பதில் தெரியாத கேள்வி கேட்பவர்கள் வாத்தியார்கள் கண்ணில் படுவதில்லை.

பெட்டிக்குள் மேல்பக்கம் அலுமினியத்தில் ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் வைத்தது எதுவானாலும் கல்லாகிவிடும். துரை வீட்டிலிருந்து பெட்டியோடு வந்த எட்டு பிஸ்கட் டின்கள் அதற்கு அளவெடுத்தது போல இருந்தன. மாஸ்டர் ஆணியால் அவற்றின் மூடிமேல் ஒன்றிலிருந்து எட்டு வரை கீறினார். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புது வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து, பையன்கள் பெயர் எழுதுகிற இடத்தில் எழுதலானார். நம்பர் மூன்று: வஞ்சிர மீன் குழம்பு. சேர்க்கைத் தேதி: ஆகஸ்டு பதினைந்து, மாதா திருநாள். நம்பர் நான்கு: இறால் தொக்கு. நம்பர் ஏழு: கோழிக் குருமா, நோராவின் பிறந்தநாள். விசேஷ நாளில் எது மிஞ்சினாலும் அது மறுவேளைக்கு இல்லை, பெட்டிக்கு. தக்க விருந்தாளி வருகிற நாளில்தான் வெளியே வரும். அப்படித் தக்கவர் யாரும் இதுவரை வரவில்லை.

சனிக்கிழமை தோறும் ஆஜர் எடுப்பார். கதவைத் திறந்து எட்டு டின்களையும் விரலால் தட்டிப் பார்த்து, எட்டுக்கும் 'ஆஜர்' போட்டு, கீழே சுருக்கெழுத்துப் போல ஒரு கையெழுத்து. மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்தால் குளிர் போய்விடும் என்று துரை சொல்லியிருந்தாராம். நான்கு வார்த்தைத் தமிழில் இதை எப்படிச் சொன்னார் என்று கிளாடிஸ் கேட்டதில்லை.

அவள் கேட்காததற்குக் காரணம் இருந்தது. மூடிகளை அவள் திறந்துகொண்டிருந்தாள்.

வஞ்சிரம் செப்டம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்குக் காலியானது. மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் பானிப்பட்டு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். தாயும் மகளும் சுடுசோற்றில் அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஒருநாள் ஊறின மீன் குழம்புக்கே ருசி அதிகம். இது ஒரு மாதம் ஊறியிருந்தது. அடுத்த வாரம் இறால். அதற்கடுத்து கோழி. "அப்பா தட்டிப் பாப்பாரே மம்மி" என்று நோரா பயந்தாள். "தட்டறதுக்குத்தானே கனம் வேணும்" என்று சொல்லிவிட்டு, காலியான டின்களில் அன்றன்று வீட்டில் மிஞ்சியதைப் போட்டு மூடினாள் கிளாடிஸ். மிளகுத்தண்ணி, வேகவைத்த பருப்பு, பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரை. பதிவேட்டில் இறாலும் கோழியும் வாரம் தவறாமல் ஆஜரானார்கள்.

ஒரே ஒரு டின் விஷயத்தில்தான் அவள் கணக்குத் தப்பியது. அக்டோபரில் பக்ரீத்துக்குப் பக்கத்து வீட்டு நஸ்ருன்னிசா ஒரு கிண்ணம் ஆட்டுக்கறிக் குருமா கொடுத்தனுப்பினாள். அவள் புருஷன் ஷரஃபுதீன் பள்ளிக்கூடத்துப் புத்தகங்களுக்கு பைண்டிங் செய்கிறவர். பாதியை அன்றே சாப்பிட்டுவிட்டு, மீதியை மறுநாளைக்கென்று, அப்போது காலியாயிருந்த மூன்றாம் நம்பர் டின்னில் வைத்தாள் கிளாடிஸ். மறுநாள் மாஸ்டருக்கு ஜலதோஷம் பிடித்தது. ஒரு வாரம் லீவு போட்டுப் பெட்டிக்கு எதிரிலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். அவர் எழுந்து போன பிறகு குருமாவை எல்லோரும் மறந்துபோனார்கள்.

நவம்பரில் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் மரியதாஸ். இன்னொருவர் கணக்கு வாத்தியார் ராஜரத்தினம். ராஜரத்தினத்துக்கு ஒரு வியாதி. எதையும் எண்ணிப் பார்ப்பார். பிள்ளைகளின் தலைக்கு இவ்வளவு என்றுதான் சர்க்கார் மானியம் வரும். எட்டாம் வகுப்புப் பதிவேட்டில் நாற்பத்தொரு பெயர், பெஞ்சில் இருபத்தொன்பது தலை என்று அவர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். கூட்டம் முடிகிறவரை யாரும் அவரைப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியருக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வீடு உண்டு. கிளாடிஸ் அதை ஒருமுறை பார்த்திருந்தாள். சமையலறையில் ஜன்னல் இருந்தது. உத்தரத்திலிருந்து ஒரு மின்சார பல்பு தொங்கியது. சுவரில் குமிழைத் தட்டினால் எரிந்தது. மறுபடி தட்டினால் அணைந்தது. மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் ஜெபமாலையில் வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

இடத்தைக் கொடுப்பவர் பங்குச் சாமியார் ஆரோக்கியநாதர். பள்ளிக்கூடத்துக்கும் அவரே மேனேஜர். பெரிய உடம்பு, சின்னக் கண். வெள்ளிக்கிழமை மீன் ஆகலாம், கறி ஆகாது என்கிற சுத்தபோசன விஷயத்தில் அவரிடம் யாருடைய பப்பும் வேகாது. வெள்ளியன்று ஓட்டலில் கறி சாப்பிட்ட ஒரு குமாஸ்தாவின் பெயரை அவர் பிரசங்கத்தில் சொல்லவில்லை. தெருவையும் வீட்டு நம்பரையும் மட்டும் சொன்னார். அவரை மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோவில் உபதேசியார் பவுல்சாமி தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். மூன்று நாளாக அடைமழை.

"மாஸ்டரே, சாமி சொல்லிட்டு வரச் சொன்னாரு. ஞாயித்துக்கெழமை செங்கல்பட்டு போறாராம். இன்னிக்கு மத்தியானமே சாப்பாட்டுக்கு வந்துடறாராம்."

"இன்னிக்கா?" என்று கிளாடிஸ் சமையலறை வாசலுக்கு வந்தாள். "வெள்ளிக்கெழமையாச்சே. மீனு இல்லியே, உபதேசியாரே."

"மீனா? கட்டுமரம்லாம் மணல்ல கவுந்து கீது. ஒருத்தனும் கடலுக்குப் போவல. நானே மார்க்கெட்டைச் சுத்திப் பாத்துகினுதான் வரேன். ஒரு நெத்திலி இல்ல."

மாஸ்டர் சிரித்தார். மூன்று மாதமாக இந்தச் சிரிப்பை எடுத்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"சாமியிடம் போய்ச் சொல்லு பவுல்சாமி. மெட்ராஸ் முழுவதும் மீன் இல்லாத நாளில் மரியதாஸ் வீட்டில் வஞ்சிரம் இருக்கிறதென்று."

"எங்கேந்து?"

"பெட்டியிலிருந்து. ஆகஸ்டு மாதத்து மீன்."

பவுல்சாமி பெட்டியையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமிக்குச் சொல்லிடறேன். என்னிய மட்டும் சாப்பிடக் கூப்டாதே நைனா" என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கிளாடிஸுக்கு வஞ்சிரம் என்ற வார்த்தை காதில் விழுந்தபோதுதான் குருமா நினைவுக்கு வந்தது.

மாஸ்டர் பதிவேட்டை எடுத்து வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் நம்பரைக் கூண்டிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, தாமே சமையலறைக்குக் கொண்டுவந்து வெந்நீர்ச் சட்டிக்குள் மூடியோடு இறக்கினார்.

"இதை யாரும் திறக்கக் கூடாது. சாமி முன்னால், மேஜையில்தான் திறப்பேன்."

"ஏங்க, மூணு மாசத்து மீனு. சாமி வயித்துக்கு ஒத்துக்கணுமே."

"துரை ஆறு மாதத்துப் பன்றித் தொடை சாப்பிட்டார்."

"அவரு கப்பலேறிப் போயிட்டாரு. சாமி இங்கியேதானே இருக்கணும்." குரலைத் தாழ்த்தினாள். "இதைக் கேளுங்க. அந்த டின்ல மீனு இருக்குதுன்னு எதை வச்சு சொல்றீங்க?"

மாஸ்டர் பதிவேட்டை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். "பதினான்கு சனிக்கிழமை. பதினான்கு ஆஜர். பதினான்கு கையெழுத்து. இதற்கு மேல் உனக்கு என்ன சாட்சியம் வேண்டும்?"

"அது இல்லிங்க, நானும் நோராவும்..."

"கிளாடிஸ், ஆவணம் இருக்கும்போது வாய்ச்சொல் எடுபடாது. கோர்ட்டிலேயே எடுபடாது."

இதைச் சொல்லிவிட்டுக் கூடத்து நாற்காலியைக் கொண்டுவந்து சட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சமையலறையில் உட்கார்ந்தது அன்றுதான்.

டின்னைத் தொட முடியாது. சாமியார் பட்டினியாகவும் போகக் கூடாது. கிளாடிஸ் ஒரு முடிவுக்கு வந்தவளாகக் கூடத்துக்குப் போய் மற்ற டின்களில் நான்கைக் கொண்டுவந்தாள். "கூட ஏதாச்சும் வேணுமில்ல" என்றாள். மாஸ்டர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். இறாலும் கோழியும் போவதாகப் பதிவேட்டில் குறிக்கப் போனவர், வெள்ளிக்கிழமையன்று கோழியா என்று திடுக்கிட்டு, "ஏழாம் நம்பர் கூடாது" என்றார்.

"ஏழாம் நம்பர்தான் ரொம்ப சுத்தபோசனம். நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

மாஸ்டர் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். நோரா வெங்காயம் உரித்தாள். கிளாடிஸ் நான்கு டின்களையும் கத்தி முனையால் நெம்பிக் கவிழ்த்தாள். பழுப்பாக ஒரு கட்டி, மஞ்சளாக ஒன்று, பச்சையாக ஒன்று, செம்பழுப்பாக ஒன்று. கோட்டை மதில் கல் மாதிரி இருந்தன. பருப்புக் கட்டியை அடுப்பில் வைத்து, அது இளகினதும் பரங்கிக்காய்ப் புளிக்குழம்புக் கட்டியைச் சேர்த்தாள். கீரை அதில் கரைந்தது. மிளகுத்தண்ணியை ஊற்றி, நொய்யரிசியைக் களைந்து போட்டு மூடினாள். வெங்காயத்தை நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, காய்ந்த மிளகாயும் பூண்டும் தட்டிப் போட்டுத் தாளித்துக் கொட்டினாள். பானையடியில் கிடந்த வாளைக் கருவாட்டுத் துண்டு மூன்றை அடுப்புத் தணலில் சுட்டாள். எப்போதும் செய்கிற சாமான்தான். எப்போதும் சேராதவை சேர்ந்திருந்தன. வாசனை சந்து வரைக்கும் போயிற்று.

வாசனைக்குள் இன்னொரு வாசனையும் கலந்துகொண்டிருந்தது. சட்டியில் டின் சூடாகச் சூடாக, மூடி இடுக்கு வழியாகப் பட்டையும் கிராம்பும் கசிந்தன.

"மீனுக்கு மசாலா நன்றாக ஏறியிருக்கிறது" என்றார் மாஸ்டர்.

"ஏறியிருக்கும்" என்றாள் கிளாடிஸ்.

பன்னிரண்டடிக்கக் கால் மணி இருக்கும்போதே சாமியார் வந்துவிட்டார். எல்லோரும் தோத்திரம் சொன்னார்கள். அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்து, அதற்குக் கீழே எரிகிற விளக்கை எட்டிப் பார்த்து, "நித்திய விளக்கா, மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். கிளாடிஸ் முந்திக்கொண்டு சோற்றைப் பரிமாறினாள். கருவாட்டை ஓரத்தில் வைத்தாள். முதல் கவளத்துக்குப் பிறகு சாமியார் பேச்சை நிறுத்திக்கொண்டார். இரண்டாம் தரம் தட்டை அவரே நீட்டினார்.

அப்போதுதான் மாஸ்டர், கோட்டு மாட்டிக்கொண்டு, பீங்கான் தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் மூன்றாம் நம்பர் டின்னை ஏந்திக்கொண்டு வந்தார். கக்கத்தில் பதிவேடு.

"சாமி, இது சேர்ந்தது ஆகஸ்டு பதினைந்து. இன்றைக்குப் பிடித்த மீன் போல இருக்கும்." மூடியில் விரலை வைத்தார்.

கிளாடிஸுக்குத் தலைமையாசிரியர் வீட்டுச் சுவர்க் குமிழ் கண்முன் தெரிந்தது. தட்டினால் எரியும், தட்டினால் அணையும். இப்போது பேசினால் அணைந்துவிடும். பேசாவிட்டாலும் அணைந்துவிடும், அதோடு அவர் செங்கல்பட்டிலிருந்து திரும்பிய ஞாயிறு தெருவும் வீட்டு நம்பரும் பிரசங்கத்தில் வரும்.

"தொறக்காதீங்க" என்றாள். "அதுல மீனு இல்ல, சாமி. மீனை நானும் நோராவும் செப்டம்பர்லயே சாப்பிட்டுட்டோம். இதுல கறி. பக்ரீத்துக்கு நஸ்ருன்னிசா வூட்ல குடுத்தது. மறந்து போச்சு."

மாஸ்டர் விரலை எடுக்கவில்லை. சாமியார் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

"மத்த டின்னெல்லாம்?"

"எட்டும் அப்படித்தான் சாமி. நீங்க இப்ப சாப்பிட்டுக்கினு இருக்கறது ரெண்டு, நாலு, அஞ்சு, ஏழு."

சாமியார் தட்டைப் பார்த்தார். "ஏழு எது?"

"பரங்கிக்காய்."

"ஏழு நல்லா இருக்கு" என்றார். பிறகு இடது கையை நீட்டினார். "மாஸ்டர், அந்த ரிஜிஸ்தரைக் கொடுங்க."

மாஸ்டர் அதைக் கக்கத்திலிருந்து உருவிக் கொடுத்தார். சாமியார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கருவாட்டை ஒரு கடி கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"ஒரு அடித்தல் திருத்தல் இல்லையே."

"இருக்காது சாமி" என்றார் மாஸ்டர், அழுகிற குரலில்.

"மூணு மாசமா உள்ளே இல்லாத மீனுக்கு வாராவாரம் ஆஜர் போட்டிருக்கீங்க."

"ஆமாம் சாமி."

"ஒரு தடவையாவது திறந்து பார்க்கணும்னு தோணலையா?"

"திறந்தால் குளிர் போய்விடும், சாமி."

சாமியார் பதிவேட்டை மூடி, அதன் அட்டையைத் தடவினார்.

"ஜனவரியில இன்ஸ்பெக்டர் வரார்" என்றார். "ராஜரத்தினம் நல்ல மனுஷர்தான். ஆனா வகுப்பு வகுப்பாப் போய்த் தலையை எண்ணறார். பள்ளிக்கூடம்னா ஒரு நம்பிக்கை வேணும். அது உங்ககிட்ட நிறைய இருக்கு. ஒண்ணாந்தேதியிலிருந்து நீங்க ஹெட்மாஸ்டர்."

மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். டின் அவர் மடியில் இருந்தது. கிளாடிஸ் சாமியாரின் தட்டில் மூன்றாம் தரம் பரிமாறினாள். கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

புறப்படும்போது சாமியார் வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சினார். "அது என்ன, கிராம்பா?"

"ஆமா சாமி. கறிக்குப் போட்டது."

"நாளைக்குச் சனிக்கிழமை. பவுல்சாமியை அனுப்பறேன். டின்னோட கொடுத்தனுப்பும்மா."

டிசம்பர் முதல் வாரத்தில் குடிபோனார்கள். பெட்டியும் கட்டை வண்டியில் வந்தது, குடையோடு. புது வீட்டிலும் அதற்குக் கிழக்குச் சுவர். ராஜரத்தினத்துக்கு விளையாட்டுச் சாமான் அறையின் பொறுப்பைக் கொடுத்தார்கள். அங்கே எண்ணுவதற்கு நிறைய இருந்தது.

பெட்டி விஷயமாக மாஸ்டர் மனைவியிடம் பதினைந்து நாள் பேசவில்லை. பிறகு தாமே ஒரு நியாயத்துக்கு வந்துசேர்ந்தார்: தவறு பதிவேட்டில் இல்லை, டின்களில்தான்.

முதல் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பதிவேடுகளைக் கட்டாகக் கொண்டுவந்து, சமையலறை பல்புக்குக் கீழே வைத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். கூடத்தை விட அங்கே வெளிச்சம் அதிகம். கிளாடிஸ் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வெளிச்சத்தில் கல் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக எத்தனை கல்லைத் தின்றிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எட்டாங்கிளாஸ்ல எத்தினி பேரு?" என்று கேட்டாள்.

"நாற்பத்தொன்று."

"எண்ணிப் பாத்தீங்களா?"

மாஸ்டர் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக் கையெழுத்துப் போட்டார். ஊதி உலர்த்திவிட்டு அடுத்த பதிவேட்டை எடுத்தார். எழுந்து போய்க் கூடத்துப் பெட்டியைத் திறந்து, எட்டு டின்களையும் விரலால் தட்டிவிட்டு வந்தார்.

"எட்டும் ஆஜர்" என்றார்.

சாமியார் வீட்டுக்குப் போன மூன்றாம் நம்பர் டின் இன்னும் திரும்பி வரவில்லை. அன்று கிளாடிஸ் அந்த இடத்தில் வைத்திருந்தது ஒரு செங்கல் துண்டு.